மிசில்டோ எனும் ஐரோப்பியப் புல்லுருவி உண்மையிலேயே பழைய மருந்தா? வரலாறு அறிந்தவர்கள் விளக்குங்கள்

மலர்_ஸ்டுட்கார்ட் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக இங்கே வாசிக்க மட்டுமே வந்துகொண்டிருக்கிறேன். இழை தொடங்குவது இதுதான் முதல் முறை.

என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கீமோ நடக்கிறது. எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் ஜெர்மானியப் பாட்டிக்கு அவர்மேல் மிகுந்த பாசம். சென்ற வாரம் சூப் செய்து கொண்டுவந்தவர், "மிஸ்டல் ஊசி போட்டுக்கொள்ளச் சொல். இரண்டாயிரம் ஆண்டு மருந்து அது, ட்ரூயிட் பூசாரிகள் கண்டது" என்றார். மிஸ்டல் என்றால் ஆங்கிலத்தில் மிசில்டோ. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்த மரத்தின் உச்சியில் பச்சைப் பந்து பந்தாகத் தெரியுமே, அந்தச் செடிதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் சந்தையில் கொத்தாகக் கட்டி விற்பார்கள்.

மாமியார் என்னைப் பார்த்து, "நம் ஊர்ப் புல்லுருவிதானே இது? மாமரத்தையே காயவைத்துவிடுமே, அதிலா மருந்து?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊசி போடலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்வேன், அதை இங்கே கேட்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டு என்கிறார்களே, அந்தக் காலம் முழுவதும் இதை யார், எந்த நோய்க்கு, எப்படிக் கொடுத்தார்கள்? அது தெரிய வேண்டும். தெரியாமல் தலையாட்ட மனம் வரவில்லை.

---

பழைய_ஏடு

மலர், உங்கள் மாமியார் நலம்பெற வேண்டுகிறேன். நான் பல ஆண்டுகள் தேடிப் படித்த விஷயம் இது, அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ட்ரூயிட் பூசாரிகள் மிசில்டோ வெட்டும் காட்சியை நமக்கு எழுதிவைத்தவர் ஒருவர்தான்: ரோமானியரான மூத்த பிளினி. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அவருடைய 'இயற்கை வரலாறு' நூலின் 16-ஆம் புத்தகத்தில் அந்தப் பகுதி வருகிறது. கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸில், ட்ரூயிடுகள் மிசில்டோவையும் அது வளர்ந்த ஓக் மரத்தையும் தவிர வேறு எதையும் அவ்வளவு புனிதமாகக் கருதவில்லை என்கிறார். பிறை தோன்றிய ஆறாம் நாளில், வெள்ளை உடுத்திய பூசாரி மரத்தில் ஏறித் தங்க அரிவாளால் அறுப்பார். கீழே வெள்ளைத் துணியை விரித்து ஏந்திக்கொள்வார்கள். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலி கொடுப்பார்கள். அவர்கள் மொழியில் அந்தச் செடிக்கு 'எல்லாம் குணமாக்குவது' என்று பொருள்படும் பெயர் இருந்ததாம். தங்கம் இளகிய உலோகம், அதில் அரிவாள் செய்தால் குச்சிகூட அறுபடாது. அது பொன்முலாம் பூசிய வெண்கலமாக இருந்திருக்கும் என்று கருதுபவர்கள் உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த நோய்க்கு? பிளினி அங்கே இரண்டு பயன்களைத்தான் சொல்கிறார். சினைப்பிடிக்காத கால்நடைக்கு இதைக் கரைத்துக் கொடுத்தால் சினைப்பிடிக்கும்; எல்லா நஞ்சுக்கும் இது முறிவு. அவ்வளவுதான். ட்ரூயிடுகள் தம் கையால் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. ஆகவே அவர்கள் மிசில்டோவை மருந்தாகக் கொடுத்ததைப் பற்றி இதற்குமேல் யார் என்ன சொன்னாலும் அது பிற்காலக் கற்பனைதான்.

அதே நூலின் 24-ஆம் புத்தகத்தில், மருந்துகளைப் பற்றிப் பேசும்போது, மீண்டும் மிசில்டோ வருகிறது. ஓக் மரத்திலிருந்து, புதுப்பிறை நாளில், இரும்பு படாமல், தரையில் விழாமல் எடுத்தால் வலிப்பு நோயைத் தீர்க்கும் என்று சிலர் நம்புகிறார்கள். பெண்கள் உடன் வைத்திருந்தால் கருத்தரிக்கும். மென்று புண்ணில் வைத்தால் ஆறும் என்கிறார். 'சிலர் நம்புகிறார்கள்' என்று அவரே ஓரடி தள்ளி நின்று சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் பூசையையும் பிறையையும் தொடவே இல்லை. அவர் பார்த்தது பழத்திலிருந்து எடுக்கும் பசையை. பறவை பிடிக்கக் குச்சியில் தடவுவார்களே, அந்தப் பசை. அதைக் குங்கிலியத்தோடும் மெழுகோடும் கலந்து வீக்கத்தின் மேல் பற்றுப் போட்டால் கட்டி இளகும் என்று எழுதினார். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு 'பழங்காலத்திலேயே புற்றுக்குக் கொடுத்தார்கள்' என்பவர்கள் இருக்கிறார்கள். மேலே அப்பிய பற்று எங்கே, இன்றைய ஊசி எங்கே!

---

குருவிச்சை_72

எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் இதைக் குருவிச்சை என்போம். குருவி தின்று, எச்சமிட்டு வளர்வதால் வந்த பெயர் என்று அம்மம்மா சொல்வார். பனிக் காலத்தில் ஐரோப்பாவில் தெரிகிற செடியும் நம்முடையதும் ஒன்றுதானா? இலை வேறு மாதிரி இருக்கிறதே?

---

செடிகொடி_நாட்குறிப்பு

குருவிச்சை அண்ணன் சரியாகக் கேட்டார். இரண்டும் ஒன்றல்ல.

மலர் அக்கா பார்க்கும் பச்சைப் பந்தின் பெயர் விஸ்கம் ஆல்பம். வெள்ளைப் பழம், இரட்டை இரட்டையாகத் தடித்த இலை. நம் மா, வேம்பு, புங்கு மரங்களில் செம்மஞ்சள் குழல் பூக்களோடு தொங்குவது டென்ட்ரோப்தே ஃபல்கேட்டா. இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை, ஆனால் குடும்பம் வேறு. இப்போதைய வகைப்பாட்டில் விஸ்கம் எந்தக் குடும்பத்தில் இருக்கிறது தெரியுமா? சந்தன மரத்தின் குடும்பத்தில்! சந்தனமும் பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சும் செடிதான். அதனால்தான் நாற்றங்காலில் சந்தனக் கன்றுக்குத் துணையாகத் துவரையை வைக்கிறார்கள். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள் அக்கா, நிச்சயம் வியப்பார்.

பிழைக்கும் வழி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பச்சை இலை இருப்பதால் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். நீரையும் உப்பையும் மட்டும் மரத்தின் கட்டைக்குள் உறிஞ்சுறுப்பை இறக்கி எடுத்துக்கொள்ளும். பழத்துக்குள் இருக்கும் பசைதான் விதையைக் கிளையில் ஒட்டவைக்கிறது. ஐரோப்பாவில் மிசில் த்ரஷ் என்ற பூங்குருவி அந்த வேலையைச் செய்கிறது, நம் ஊரில் தேன்சிட்டு அளவே இருக்கும் பூக்கொத்திகள் செய்கின்றன.

விஸ்கத்தின் வளர்ச்சி மிகவும் மெதுவானது. விதை ஊன்றி ஓரிரு ஆண்டுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நுனியும் இரண்டாகக் கவைக்கும். அடியிலிருந்து நுனிவரை கவைகளை எண்ணினால் வயது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

பழைய_ஏடு ஐயாவுக்கு ஒரு கேள்வி. விஸ்கம் பெரும்பாலும் ஆப்பிள், லிண்டன், பாப்லர் மரங்களில்தான் வளரும். ஓக் மரத்தில் மிக மிக அரிது. தெற்கு ஐரோப்பாவில் ஓக் மரத்தில் சாதாரணமாகக் காணப்படுவது லோராந்தஸ் யூரோபேயஸ் என்ற வேறு செடி. மஞ்சள் பழம், குளிரில் இலை உதிரும். அது நம் புல்லுருவியின் நேரடி உறவு, ஒரே குடும்பம். அப்படியென்றால் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் 'ஓக் மிசில்டோ' என்று எழுதியவர்கள் கையில் இருந்தது எந்தச் செடி?

---

பழைய_ஏடு

அருமையான கேள்வி தம்பி. கிரேக்க, இத்தாலிய எழுத்தாளர்கள் ஓக் மரத்துச் செடியின் பசை என்று சொல்லும்போது பல இடங்களில் அது லோராந்தஸாகவே இருக்க வேண்டும். ஆனால் அந்தச் செடி பிரான்ஸில் வளர்வதில்லை. ஆகவே ட்ரூயிடுகள் ஏறி அறுத்தது விஸ்கம்தான். ஓக்கில் அது கிடைப்பது அரிது, கிடைத்தால் பெருஞ்சடங்கோடு எடுப்பார்கள் என்று பிளினியே சொல்கிறார். அரிதாக இருந்ததால்தான் புனிதம் ஆயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

இதன் பொருள், 'இரண்டாயிரம் ஆண்டு அனுபவம்' என்ற கணக்கில் தொடக்கத்திலேயே இரண்டு செடிகள் ஒரே பெயருக்குள் கலந்துவிட்டன.

---

வேம்படி_வைத்தியம்

மன்னிக்க வேண்டும், இழை ஒரு பக்கமாகச் சாய்கிறது. நான் மூன்று தலைமுறை வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவள். முன்னோர் சொன்னதையெல்லாம் 'நம்பிக்கை' என்று ஒதுக்கும்போது மனம் வலிக்கிறது.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து கேலிக் மொழியில் மிசில்டோவுக்கு இன்றும் 'எல்லாம் தீர்ப்பது' என்ற பொருளில்தான் பெயர் வழங்குகிறது. பிளினி சொன்ன அதே பொருள். ரோமானியர் புத்தகத்தைப் படித்தா கிராமத்து மக்கள் பெயர் வைத்தார்கள்?

சீனத்தைப் பாருங்கள். ஐரோப்பாவோடு தொடர்பே இல்லாமல், அங்கே முசுக்கொட்டை மரத்தில் வளரும் புல்லுருவியைச் 'சாங் ஜி ஷெங்' என்று அவர்களுடைய மிகப் பழைய மருந்து நூலான ஷென்னொங் நூலிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஜி ஷெங் என்றால் அடுத்தவரிடம் தங்கிப் பிழைப்பது. ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ் இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் எழுதிய கூட்டு மருந்தில் அது உண்டு. இன்றும் அந்தக் கூட்டைக் கொடுக்கிறார்கள். கருவைக் காக்கவும் கொடுப்பதுண்டு. நம் மரபிலும் எந்த மரத்தில் வளர்கிறதோ அந்த மரத்துக்கு ஏற்பப் புல்லுருவியின் குணம் மாறும் என்பார்கள். எந்த நட்சத்திரத்தில் எடுப்பது என்றுகூட ஏடுகளில் இருக்கிறது. மூன்று நாட்டிலும் ஒரே வகைச் செடி மருந்தாகியிருக்கிறது. இதில் ஒன்றுமே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

---

பழைய_ஏடு

வேம்படி அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. முன்னோரை முட்டாள்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் மாட்டேன். அவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதை அறியத்தான் இந்தத் தேடல் முழுவதும்.

பதினெட்டு நூற்றாண்டு விடாமல் மிசில்டோவோடு ஒட்டிக்கொண்ட நோய் ஒன்று உண்டென்றால் அது வலிப்பு. ஏன் வலிப்பு? ஆங்கிலத்தில் அந்த நோய்க்குப் பழைய பெயர் 'விழும் நோய்'. நோயாளி நின்ற இடத்தில் விழுகிறார். மிசில்டோவோ மண்ணைத் தொடாமல் கிளையிலேயே பிறந்து, கிளையிலேயே காலமெல்லாம் நிற்கும் செடி. விழாத செடி, விழுகிறவரை விழாமல் காக்கும். இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு பிளினியின் 'தரையில் விழாமல் எடுக்க வேண்டும்' என்ற விதியை மறுபடி படியுங்கள். விதியின் காரணம் அங்கேயே இருக்கிறது. தரையைத் தொட்டுவிட்டால் அதன் 'விழாத' குணம் போய்விடுகிறது. ஸ்வீடனில் வலிப்பு உள்ளவர்கள் ஓக் மிசில்டோவால் பிடி போட்ட கத்தியை உடன் வைத்திருப்பார்கள். உள்ளுக்குச் சாப்பிட வேண்டியதே இல்லை, உடன் இருந்தால் போதும்.

இங்கிலாந்தின் நிக்கலஸ் கல்பெப்பர் 1652-ல் வெளியிட்ட மூலிகை நூலில் இதைச் சூரியனின் ஆட்சிக்கு உட்பட்டது என்கிறார். ஓக்கில் வளர்ந்தால் வியாழனின் குணமும் சேரும். சிலர் இதைத் 'திருச்சிலுவை மரம்' என்று அழைத்தார்கள் என்றும், வலிப்பையும் பக்கவாதத்தையும் விரைவில் தீர்க்கும் என்று நம்பி உட்கொண்டதோடு கழுத்திலும் கட்டிக்கொண்டார்கள் என்றும் எழுதுகிறார்.

அதன்பின் வந்தவர் சர் ஜான் கோல்பாட்ச். லண்டன் மருத்துவர். 1719-ல் வலிப்பு நோய்களுக்கு மிசில்டோ ஓர் அற்புத மருந்து என்று தனி நூலே எழுதினார். பூங்குருவிகளுக்கு இரையாகவும், பேய் விரட்ட வீட்டில் தொங்கவிடவும் மட்டுமா இறைவன் இவ்வளவு அழகான செடியைப் படைத்திருப்பான், இதற்கு மேலான பயன் இருந்தே தீர வேண்டும் என்பதே அவருடைய தொடக்கம். ஓக் மரத்துச் செடிதான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் அவர் விட்டுவிட்டார். லிண்டன் மரத்துச் செடியே போதும் என்றார். பிறை, வெள்ளைத் துணி, தங்க அரிவாள் எல்லாம் உதிர்ந்து, அரைத்த பொடியும் அளவும் மட்டும் மிஞ்சின. கோல்பாட்ச் பேய்க் கதைகளை வெறுத்தவர். ஆனால் மிசில்டோவை வலிப்புக்கு ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற கேள்வியை மட்டும் அவர் கேட்கவே இல்லை. விழாத செடி என்ற பழைய எண்ணம் பெயர் தெரியாமல் அவருடைய மருந்துச் சீட்டுக்குள் புகுந்துவிட்டது.

அவர் குணமானதாகக் காட்டும் நோயாளிகள் பொய்யர்கள் அல்லர். வலிப்பு விட்டு விட்டு வரும் நோய். இன்று வந்தால் ஒரு மாதம் வராமல் இருக்கலாம். தொடர்ந்து நான்கு முறை வந்து வீடே பதறும் நேரத்தில்தான் மருந்து தேடி ஓடுவார்கள். அதன்பின் இயல்பாக வரும் இடைவெளி, கொடுத்த மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

---

பொருநைக்கரை

பழைய_ஏடு ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். எழுதலாமா என்று தயங்கி, பிறகு எழுதுகிறேன்.

என் தம்பிக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது. முதல் முறை பள்ளி மைதானத்தில். யாரோ ஓடிவந்து அவன் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் அப்பா இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் வெளியே போனதில்லை. திறப்பதற்குப் பூட்டே இல்லாத சாவிகள் அதில் பாதி. இரவில் தம்பி பாயில் லேசாக அசைந்தாலும் அப்பாவின் கை சாவியைத் தேடும், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிளினி சொன்ன செடி இரும்பு படாமல் எடுக்கப்பட வேண்டியது. எங்கள் ஊரில் அதே நோய்க்கு இரும்பையே கையில் கொடுத்தோம். ஒரு பக்கம் இரும்பு விலக்கு, ஒரு பக்கம் இரும்பே மருந்து. இரண்டு இடத்திலும் வலிப்பு தானாகவே ஓரிரு நிமிடத்தில் நின்றிருக்கும்.

தம்பி மாத்திரையில் நன்றாக இருக்கிறான், இப்போது அவனுக்கே இரண்டு குழந்தைகள். சாவி பயனற்றது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அப்பா அதைக் கழற்றவில்லை. அவரை நாங்கள் வற்புறுத்தவும் இல்லை.

---

மருந்தாளுநர்_கோவை

பொருநைக்கரை, உங்கள் அப்பாவை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அந்தக் காலத்துப் பெற்றோரைக் குறைசொல்லவே முடியாது. வலிப்பை உண்மையில் குறைத்த முதல் மருந்தான பொட்டாசியம் புரோமைடை லண்டனில் சார்லஸ் லாகாக் 1857-ல்தான் எடுத்துச் சொன்னார். ஃபீனோபார்பிட்டால் 1912-ல் வந்தது. புரோமைடு வரும்வரை உலகில் யாரிடமும் வேலை செய்யும் மருந்து இல்லை. மிசில்டோ இல்லாவிட்டால் வேறொன்று. பழைய கிரேக்க மருத்துவர் காலென் காலத்தில் பியோனி என்ற பூச்செடியின் வேரைக் குழந்தையின் கழுத்தில் கட்டினார்கள்.

வேம்படி அம்மா கேட்டதற்கு என் தொழில் சார்ந்து பதில் சொல்கிறேன். 'ஒன்றுமே இல்லை' என்பது சரியில்லை, உள்ளே இருக்கத்தான் செய்கிறது. விஸ்கத்தில் விஸ்கோடாக்சின்கள் என்ற சிறு புரதங்கள் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது மிசில்டோ லெக்டின். இது இரண்டு துண்டுகள் சேர்ந்த புரதம். ஒரு துண்டு செல்லின் மேலுள்ள சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. மற்றது உள்ளே நுழைந்து, செல் புரதம் கட்டும் ரைபோசோமைச் செயலிழக்கச் செய்கிறது. நம் ஆமணக்கு விதையில் உள்ள ரிசினும் இதே அமைப்பு, இதே வேலை. 'எல்லா நஞ்சுக்கும் முறிவு' என்று பிளினி எழுதிய செடிக்குள் இருப்பது ரிசினின் உறவு.

வாயால் உட்கொண்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் நாடித்துடிப்புக் குறைதல். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் தொங்கவிட்டால் பழம் குழந்தை கைக்கு எட்டாமல் இருக்கட்டும், மலர்.

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இன்னொரு திருப்பம். பிரெஞ்சு மருத்துவர் கோத்தியே இதன் சாறு இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுத, ஐரோப்பாவெங்கும் அழுத்தத்துக்காக மிசில்டோ கொடுத்தார்கள். ஜெர்மனி மருந்துக் கடைகளில் மிஸ்டல் தேநீர் இன்றும் உண்டு. நம்பகமான அழுத்த மாத்திரைகள் வந்தபின் மருத்துவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

---

மலர்_ஸ்டுட்கார்ட்

எல்லோருக்கும் நன்றி. பொருநைக்கரை எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன், கண்கலங்கினார்.

இவ்வளவு படித்த பிறகும் ஒன்று விடுபட்டே நிற்கிறது. கால்நடை, நஞ்சு, வலிப்பு, பக்கவாதம், இரத்த அழுத்தம் எல்லாம் வந்துவிட்டன. புற்றுநோய் எங்கே?

---

பழைய_ஏடு

அதற்காகவே காத்திருந்தேன். புற்றுநோய்க்கு மிசில்டோ ஊசி 1917-ல் பிறந்தது. பிறந்த ஊர் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக்.

ரூடால்ஃப் ஸ்டைனர் என்ற தத்துவவாதி, மனிதஞானம் என்று பொருள்படும் ஆந்த்ரோபாசஃபி இயக்கத்தைத் தொடங்கியவர். உங்கள் ஸ்டுட்கார்ட்டில்தான் 1919-ல் அவருடைய முதல் வால்டோர்ஃப் பள்ளி சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. அவர் மருத்துவர் அல்லர். மரத்தின்மேல் ஒட்டி அதன் சத்தில் தன்போக்கில் வளரும் மிசில்டோவும், உடலின்மேல் தன்போக்கில் வளரும் கட்டியும் ஒத்தவை. ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றதை அடக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அதை மருந்தாக்கியவர் டச்சு மருத்துவர் இத்தா வேக்மன். 1917-ல் ஜூரிக்கில் ஊசி மருந்தாகக் கொடுக்கத் தொடங்கினார். பின்னால் அது இஸ்கடோர் என்ற பெயரில் பரவியது.

வலிப்புக்கு 'விழாத செடி'. புற்றுக்கு 'ஒட்டி வளரும் செடி'. உருவ ஒற்றுமையைப் பார்த்து நோயைத் தீர்மானிக்கும் அதே பழைய வழிதான் இது. ஆனால் மருந்து பழையதல்ல. இந்தச் செடிக்குச் சேர்த்த நோய் புதிது, ஊசி புதிது, சாற்றை நொதிக்கவைக்கும் முறை புதிது. மேல்மாடிப் பாட்டி பொய் சொல்லவில்லை, அவரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ட்ரூயிடுகளின் பெயர் அந்தக் குப்பியின் மேல் யாரோ பிற்காலத்தில் ஒட்டியது.

வேம்படி அம்மாவுக்கு ஒரு தகவல். மரத்துக்கு மரம் குணம் மாறும் என்ற நம்பிக்கையும் அங்கே அப்படியே இருக்கிறது. ஆப்பிள், ஓக், பைன் மரத்து மிசில்டோக்களைத் தனித்தனி ஊசியாகச் செய்து, நோயாளிக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

---

மருந்தாளுநர்_கோவை

வேலை செய்கிறதா என்பதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எண்ணம் எங்கிருந்து வந்தாலும் சோதித்துப் பார்க்கலாம், சோதித்தும் இருக்கிறார்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2008-ல் 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நோயாளி வாழும் காலத்தை அளந்தவை 13. அவற்றில் 6 ஆய்வுகள் ஓரளவு பயன் தெரிவதாகச் சொன்னாலும், அந்த ஆறில் ஒன்றுகூட உயர்ந்த தரத்தில் நடத்தப்பட்டதல்ல. கீமோவின் பக்கவிளைவு, அன்றாட உடல்நிலை போன்றவற்றில் சற்று நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. மார்பகப் புற்றுநோயாளிகளிடம் கீமோவின்போது நடந்த இரண்டு ஆய்வுகள் அதில் தரம் கூடியவை.

பிறகு கணையப் புற்றுநோயில் இரண்டு ஆய்வுகள். 2013-ல் செர்பியாவில் 220 பேர். ஊசி போட்டவர்கள் 4.8 மாதமும் போடாதவர்கள் 2.7 மாதமும் வாழ்ந்தார்கள். கேட்டதும் மகிழ்ச்சிதான். ஆனால் யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. ஸ்வீடனில் அதையே 290 பேரிடம், யாருக்கும் தெரியாதபடி பாதிப் பேருக்கு வெற்று ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2024-ல் முடிவு வெளியானது. ஆயுளிலும் வித்தியாசம் இல்லை, வாழ்க்கைத் தரத்திலும் இல்லை.

இது கணையப் புற்றுநோய்க்கு மட்டும். மார்பகப் புற்றுநோய்க்கு இதை அப்படியே பொருத்த மாட்டேன். மருத்துவரிடம் கேட்கும்போது, எதற்காகப் போடுகிறோம், ஆயுளுக்கா அசதிக்கா என்று பிரித்துக் கேளுங்கள். கீமோ நடக்கும்போது ஊசி போட்ட இடம் சிவந்து காய்ச்சல் வந்தால், அது தொற்றா ஊசியா என்று தெரியாமல் போகும். அதையும் கேளுங்கள்.

---

குருவிச்சை_72

இங்கிலாந்தில் ஒரு சதுப்பு நிலத்தில் கிடைத்த பழங்கால மனிதனின் வயிற்றில் மிசில்டோ இருந்ததாகச் செய்தி படித்த நினைவு. அது ட்ரூயிடுகளுக்குச் சான்றில்லையா?

---

பழைய_ஏடு

லிண்டோ மனிதன். 1984-ல் செஷயர் பகுதியின் லிண்டோ சதுப்பில் கரிமண் வெட்டியவர்களுக்குக் கிடைத்த உடல், இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வயிற்றில் கருகிய ரொட்டியும், மிசில்டோவின் மகரந்தம் நான்கே நான்கு துகளும் இருந்தன. நான்கு துகள்! ட்ரூயிட் பானம் குடித்தான் என்று சிலர் பெரிய கதை கட்டினார்கள். பூக்கும் பருவத்தில் காற்றிலோ நீரிலோ ரொட்டியிலோ நான்கு துகள் விழுந்திருக்க எவ்வளவோ வாய்ப்பு உண்டு. அவன் கொல்லப்பட்ட விதம் சடங்குபோல் இருப்பது உண்மை. மிசில்டோவை மட்டும் நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

---

வேம்படி_வைத்தியம்

1917 என்பது எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். 'பழமை' என்ற சொல்லை வைத்து வியாபாரம் நடந்தால் உண்மையான மரபுக்குத்தான் முதல் அடி. எங்கள் தாத்தா புதிதாகச் சேர்த்த மருந்தைப் 'புதிது' என்றே சொல்லிக் கொடுப்பார், ஏட்டில் இருப்பதை 'ஏட்டில் இருப்பது' என்பார்.

ஆனால் சீனத்துச் சாங் ஜி ஷெங் வேறு செடி, வேறு பயன். அதற்குத் தனி இழை வேண்டும். செடிகொடி தம்பி, அது நம் புல்லுருவிக் குடும்பமா?

---

செடிகொடி_நாட்குறிப்பு

ஆம் அம்மா. இன்று அவர்கள் பயன்படுத்துவது டாக்சில்லஸ் சைனென்சிஸ். நம் புல்லுருவியின் குடும்பமேதான், விஸ்கம் அல்ல. நீங்கள் இழை தொடங்குங்கள், படங்கள் நான் சேர்க்கிறேன்.

---

மலர்_ஸ்டுட்கார்ட்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

மருந்தாளுநர் சொன்னபடி பிரித்துக் கேட்டேன். மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆயுளை நீட்டும் என்று தம்மால் சொல்ல முடியாது. அசதிக்குச் சிலருக்கு உதவுவதாகச் சொல்கிறார்கள். கீமோ முடியும்வரை வேண்டாம், அதன்பின் விருப்பமென்றால் தம்மிடம் சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்றார். மாமியார் அங்கேயே, "வேண்டாம், இருக்கிற ஊசி போதும்" என்று தமிழில் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். 1917 பற்றி மேல்மாடிப் பாட்டியிடம் சொல்வதற்குத் தயக்கமாக இருந்தது. அவர் கேட்டுவிட்டு, தம் அம்மாவுக்கும் அந்த ஊசி போட்டதாகவும், அந்தக் கடைசி மாதங்களில் ஒவ்வொரு முறையும் தாமே போட்டுவிட்டதாகவும் சொன்னார். நான் வேறொன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் சூப் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்ததால் மாமியாரை நெக்கர் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனேன். முந்தைய இரவுக் காற்றில் பாப்லர் மரத்திலிருந்து ஒரு கிளை முறிந்து மிஸ்டலோடு தரையில் கிடந்தது. பழத்தைத் தொட வேண்டாம் என்றேன். அவர் ஊன்றுகோலால் அதைப் புரட்டி, செடிகொடி தம்பி சொன்னதுபோல் அடியிலிருந்து கவைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்பது. "நம் பேரன் வயது" என்றார். பிறகு அதைப் பாதையிலிருந்து ஓரமாக ஒதுக்கிவிட்டு நடந்தார்.